காலிப்பர் போல்ட்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் வொர்க்‌ஷாப்புக்கு ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் தம்பிகளிடம் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பேன். முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுழலும் டிஸ்க்கைப் பிரேக் பேடால் கவ்வி நிறுத்தும் காலிப்பரைக் காட்டி, "இந்தக் காலிப்பர்ல எத்தனை போல்ட் இருக்கு, எதை எவ்வளவு இறுக்கணும்?" என்பேன். அநேகமாக வரும் பதில்: "நாலு போல்ட் அண்ணே. எல்லாத்தையும் நல்லா டைட் பண்ணணும்." எண்ணிக்கை சரி. "நல்லா டைட்" என்று சொல்லும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

அந்த நான்கும் ஒரே வேலை செய்பவை அல்ல. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை நக்கிளோடு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகத்தோடு, சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டு. பெரியவை, பல ஜப்பானிய கார்களில் 17 மி.மீ. தலை. பிரேக்கை மிதிக்கும்போது டிஸ்க் இழுக்கிற இழுப்பு முழுவதும் இந்த இரண்டின் மேல்தான் வந்து விழும். மற்ற இரண்டும் ஸ்லைடு பின் போல்ட். 12 அல்லது 14 மி.மீ. தலை, தண்டும் மெல்லியது. காலிப்பர் உள்ளும் புறமும் வழுக்கி நகர வழிவிட்டுக்கொண்டே அதைப் பிடித்திருப்பது இவற்றின் வேலை.

பல ஹோண்டா கார்களின் முன்பிரேக்கில் இறுக்கும் அளவு சின்ன போல்ட்டுக்கு 23 நியூட்டன் மீட்டர், பெரிய போல்ட்டுக்கு 108. டொயோட்டா கொரோலா வகைகள் பலவற்றில் 34, 107. ஒரே பிரேக்கில் மூன்று மடங்கு, ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். இதைக் கைக்குத் தெரிகிற மாதிரி சொல்கிறேன். 25 செ.மீ. நீள ராட்செட்டின் நுனியைப் பிடித்து இழுத்தால், 23க்கு ஒன்பதரைக் கிலோ எடையைத் தூக்குகிற அளவு பலம் போதும். 108க்கு 44 கிலோ வேண்டும், அதாவது 25 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய இரண்டு. ஒரே ராட்செட்டால், ஒரே மூச்சில், ஒரே பலத்தில் நான்கையும் இறுக்குகிறவர் சின்னதை உடைக்கிறார், அல்லது பெரியதைத் தளர்வாக விடுகிறார். பல நாள் இரண்டையும் ஒரே வண்டியில் செய்துவிடுகிறார்.

மேலே சொன்ன எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் வண்டிக்கான எண்ணை அந்த மாடலின், அந்த ஆண்டின் சர்வீஸ் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். அலகையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கக் கையேட்டில் 80 என்று இருந்தால் அது அடி-பவுண்டு; நியூட்டன் மீட்டரில் 108. டார்க் ரெஞ்ச்சில், அதாவது வைத்த அளவு வந்ததும் "க்ளிக்" சொல்லும் கருவியில், வெறும் 80 வைத்து இறுக்கினால் கால்வாசி குறைந்துபோகும். பழைய ஜப்பானியக் கையேட்டில் 350 என்று இருந்தால் அது கிலோகிராம்-சென்டிமீட்டர்; நியூட்டன் மீட்டரில் 34தான். இங்கே பேரலல் இம்போர்ட் வண்டிகள், அதாவது அதிகாரப்பூர்வ முகவர் வழியாக வராத வண்டிகள், நிறைய. எந்த நாட்டுக் கையேடு கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு எண்ணைத் தொடுங்கள்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கார் பார்க்கில் ஜாக் போட்டுப் பிரேக்கைப் பிரிக்காதீர்கள். வெளிச்சம் போதாது, தரை சரிவு, பிள்ளைகள் ஓடுகிற இடம். சமதளம், இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட், பின்சக்கரத்துக்குக் கட்டை. இவை இல்லாத இடத்தில் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம்.

ஹம்ப்பில் (வேகத்தடையில்) ஏறும்போது, பிரேக்கைத் தொட்டதும் "டொக்"

இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் தவறாகப் படிக்கப்படும் சத்தம் இதுதான்.

ஒரு நாள் மாலை கடை மூடுகிற நேரத்துக்குத் தனியார் வாடகை கார் ஓட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, மல்ட்டி ஸ்டோரி ராம்ப்ல ஏறும்போது முன்னாடி இடது பக்கம் டொக்கு டொக்குனு அடிக்குது. ரெண்டு இடத்துல காட்டிட்டேன், ஸ்டெபிலைசர் லிங்க் போச்சுன்னு மாத்திட்டாங்க. சத்தம் அப்படியே இருக்கு" என்றார். கடைசியாக என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். பத்து நாளுக்கு முன் வேறொரு கடையில் பிரேக் பேட் மாற்றியிருக்கிறார். லிங்க் மாற்றியது அதற்குப் பிறகு. சத்தம் எப்போது தொடங்கியது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டச் சொன்னேன். சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும், எந்தச் சக்கரம் என்பது தெளிவாகக் கேட்கும். ஹம்ப்பில் ஏறியபோது டொக். இரண்டாவது முறை, பிரேக்கை லேசாக மிதித்த மாதிரியே ஏறச் சொன்னேன். சத்தம் காணோம். இந்த ஒரு சோதனை போதும். பிரேக்கை லேசாகப் பிடித்தால் பேடும் காலிப்பரும் டிஸ்க்கோடு இறுகிக்கொள்ளும், ஆடுகிறது ஆடாது. சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க்கோ புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ காரணமாக இருந்தால், பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றினோம். பிராக்கெட்டின் கீழ் போல்ட் இருந்த இடம் காலி. மேல் போல்ட்டை இரண்டு விரலால் திருப்ப முடிந்தது. அதன் தலையைச் சுற்றிச் சீயக்காய்ப் பொடி தூவின மாதிரி செந்தூள். இந்தத் தூளை எல்லோரும் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஈரத்தில் எந்தப் போல்ட்டும் துருப்பிடிக்கும். அது ஒட்டிக்கிடக்கிற துரு. ஊதினால் பறக்கிற மெல்லிய செந்தூள், இரும்பும் இரும்பும் உரசி உரசி வருவது. அது தெரிந்தால் அந்தப் போல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அசைகிறது என்று பொருள். கழற்றிப் பார்த்தால் தலைக்கு அடியில் வளையம் மாதிரி பளபளவென்று தேய்ந்திருக்கும். இவருடைய போல்ட்டிலும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை குடும்பத்தோடு மலாக்காவுக்குக் கிளம்ப இருந்தார். மேல் போல்ட்டும் விழுந்திருந்தால் பிராக்கெட்டோடு காலிப்பர் முழுவதும் டிஸ்க்கோடு சேர்ந்து சுழன்று ரிம்மில் போய் அடிக்கும். பிரேக் ஹோஸ் அறுந்துபோகும். அந்த நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர்.

நீங்களே செய்து பார்க்க வேண்டிய வரிசை இது. காலியான இடத்தில் ஒரு மீட்டர் முன்னால் போய்ப் பிரேக், ஒரு மீட்டர் பின்னால் வந்து பிரேக். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு "டொக்" வந்தால், பிராக்கெட் நகர்கிறது, அல்லது பேடைப் பிடிக்கும் கிளிப் இல்லாமல் பேட் பிராக்கெட்டுக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. பிறகு சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். உள்ளும் புறமும் கொஞ்சம் நகர்ந்தால் பயப்பட வேண்டாம், அது நகர்வதற்கென்றே செய்யப்பட்டது. மேலும் கீழும் பிராக்கெட்டே ஆடினால் பெரிய போல்ட் தளர்ந்திருக்கிறது. பிராக்கெட் அசையாமல் காலிப்பர் மட்டும் லொடலொடவென்றால் சின்ன போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்லைடு பின் தேய்ந்து ஓட்டை பெரிதாகியிருக்கிறது.

தளர்ந்ததை அப்படியே இறுக்கிவிட்டு அனுப்பாதீர்கள். அசைந்து ஓடின போல்ட் முழுவதும் வெளியே வர வேண்டும். மரையைப் பாருங்கள், தண்டைப் பாருங்கள், பிராக்கெட் உட்காரும் முகத்தைப் பாருங்கள். நாங்கள் இரண்டு போல்ட்டும் புதிது போட்டோம். நக்கிளின் மரையில் விரலாலேயே போல்ட் கடைசி வரை போய்வந்தது, அதனால் நக்கிள் தப்பித்தது.

ரெஞ்ச் "க்ளிக்" சொன்னது, ஆனாலும் இரண்டு வாரத்தில் தளர்ந்துவிட்டது

"அண்ணே, டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் இறுக்கினேன், சத்தியமா" என்று ஒரு தம்பி கண்கலங்கி நின்றிருக்கிறான். அவன் சொன்னது உண்மை. ரெஞ்ச் அளப்பது திருப்புவதற்கு எவ்வளவு பலம் பிடிக்கிறது என்பதை மட்டும். போல்ட் எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறது என்பதை அது அளப்பதில்லை. நீங்கள் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உரசலில் போய்விடுகிறது, இன்னும் நாற்பது சதவீதம் வரை மரையின் உரசலில். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிடிப்பாக மாறுவது சுமார் பத்து சதவீதம்தான். உரசல் கொஞ்சம் கூடினாலும் இழப்பது அந்தப் பத்திலிருந்துதான். மரையில் துருவும் மண்ணும் இருந்தால், பிடிப்பு வருவதற்கு முன்பே ரெஞ்ச் க்ளிக் என்று சொல்லிவிடும்.

ஆகவே முதலில் மரை. வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து, காய விடுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம், கையேடு சொன்னாலொழிய. எண்ணெய் தடவிய மரையில் உரசல் குறைந்து, அதே 108க்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். ரெஞ்ச் சரியாகக் க்ளிக் சொன்ன பிறகும் போல்ட் நீண்டுபோவது இப்படித்தான்.

அடுத்தது முகம். பிராக்கெட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் துருச்செதிலோ, புதிதாக அடித்த பெயின்ட்டோ இருந்தால், இறுக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும். பத்து நாள் சூடும் அதிர்வும் பட்டதும் அந்தச் செதில் நசுங்கி உதிரும். அரை மயிர் இடைவெளி வந்தாலே பிடிப்பு போய்விடும். காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கும் ஆசை நம் ஆட்களில் பலருக்கு உண்டு. அடியுங்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் போல்ட் தலை உட்காரும் வளையத்திலும் பிராக்கெட் சேரும் முகத்திலும் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

மூன்றாவது, எதாவது நடுவில் மாட்டியிருக்கிறதா என்பது. ஸ்லைடு பின்னை மூடும் ரப்பர் உறையான பூட்டின் உதடு காலிப்பர் காதுக்கும் பின்னுக்கும் நடுவில் சிக்கியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரப்பரை நசுக்கிக்கொண்டு ரெஞ்ச் க்ளிக் சொல்லும். ரப்பர் ஒரு வாரத்தில் அறுந்து விலகும், போல்ட் லூஸ். இறுக்குவதற்கு முன் விரல் நகத்தால் பூட்டைச் சுற்றி ஒரு வட்டம் தடவிப் பாருங்கள், மேடு தட்டுப்பட்டால் அதுதான்.

நான்காவது ரெஞ்ச். அரை அங்குல ரெஞ்ச் பலவும் 40 நியூட்டன் மீட்டரிலிருந்துதான் தொடங்கும். அதைக் கீழே தள்ளி 23 வைக்கப் பார்த்தால் அது எதையும் சரியாகச் சொல்லாது. சின்ன போல்ட்டுக்குச் சின்ன ரெஞ்ச், பெரியதற்குப் பெரிய ரெஞ்ச், இரண்டும் வேண்டும். பிடியின் நடுவில் பிடித்து, ஒரே சீராக இழுத்து, க்ளிக் கேட்டதும் நிறுத்துங்கள். "உறுதிக்காக" இன்னும் இரண்டு க்ளிக் போடுவது உறுதியைக் கூட்டாது, போல்ட்டை மேலும் திருப்பும். வேலை முடிந்ததும் ரெஞ்ச்சைக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள். அதை வைத்துப் போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

இம்பேக்ட் கன்னால் இறுக்கிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்ச்சை வைத்து "பாருங்க, க்ளிக் வருது" என்று காட்டுகிறவர்கள் உண்டு. 300க்கு இறுகிப்போன போல்ட்டும் 108ல் க்ளிக் சொல்லும். குறைவாக இல்லை என்பதை மட்டுமே அந்தக் க்ளிக் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் முழுவதும் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து இறுக்குங்கள்.

கடைசிக் காரணம், உண்மையில் இறுக்கவே இல்லை என்பது. கையால் திருகி மாட்டிவிட்டு நிற்கும்போது போன் வரும், வாடிக்கையாளர் கூப்பிடுவார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் மாட்டியாச்சு என்று தோன்றும். எங்கள் கடையில் போல்ட்டைத் தொடங்கியவன்தான் முடிக்க வேண்டும். க்ளிக் வந்த அந்த நொடியே பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரு மஞ்சள் கோடு. கோடு இல்லாத போல்ட் இருந்தால் சக்கரம் மாட்டக் கூடாது. இந்தக் கோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: பின்னாளில் டார்ச் அடித்துப் பார்த்தாலே போல்ட் நகர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை

இறுகி வந்துகொண்டிருந்தது திடீரென்று வழுவழுவென்று போனால் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் அரைச் சுற்று என்று போனால் உள்ளே முறியும்.

கழற்றிப் பாருங்கள். போல்ட்டின் மரைக்குள் பளபளவென்று உலோகச் சுருள் சிக்கியிருந்தால் நக்கிளின் மரை போய்விட்டது. அலுமினிய நக்கிளில் இது சுலபமாக நடக்கும். மரை சுத்தமாக இருந்தும் போல்ட் இறுகவில்லை என்றால் போல்ட்டே நீண்டிருக்கலாம். அதே அளவு புது நட் ஒன்றை அதில் விரலால் திருகுங்கள். பாதி வரை சுகமாகப் போய் ஓர் இடத்தில் நின்றால், அங்கேதான் இழுபட்டிருக்கிறது. புதுப் போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கழுத்து மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

போல்ட் மாற்றும்போது அந்த வண்டிக்கான போல்ட்டையே வாங்குங்கள். தலையில் 10.9 என்று அச்சடித்த போல்ட் இருந்த இடத்தில் ஹார்ட்வேர் கடை 8.8 போடாதீர்கள். முதல் எண் இழுவை வலிமையைச் சொல்கிறது: 10 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன், 8 என்றால் 800. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மரை இடைவெளியும் முக்கியம். 1.25 மி.மீ. மரையில் 1.5 போல்ட் இரண்டு சுற்று போகும், பிறகு சிக்கும். அங்கே ராட்செட் போட்டால் நக்கிள் போச்சு. எந்தப் போல்ட்டும் விரலால் நாலைந்து சுற்றாவது போன பிறகுதான் கருவி தொட வேண்டும். பிராக்கெட்டின் கனத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு திருகினால் நேராகப் போகும்.

நக்கிளின் மரை போயிருந்தால், சுருள்கம்பி மரை போடுவது, அதாவது ஹெலிகாயில், ஒரு வழி. கை தேர்ந்தவர், சரியான ஆழத்தில், நேராகத் துளைத்துப் போட்டால் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் பிராக்கெட் போல்ட் விஷயத்தில் என் முடிவு: நக்கிளையே மாற்றுங்கள். பழைய வண்டிக்கு யூஸ்டு நக்கிள் கிடைக்கும். கூடுதல் செலவுதான், வாடிக்கையாளரிடம் அந்த மரையைக் காட்டிவிட்டுச் சொன்னால் புரிந்துகொள்வார்.

போல்ட் கழலவே மாட்டேன் என்கிறது

சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்று) புதுப்பித்து ஓடுகிற பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளில் இது அன்றாடம். முதலில் திசையைச் சரிபாருங்கள். சக்கரத்துக்குப் பின்னாலிருந்து, தலைகீழாகக் கையை விட்டு வேலை செய்யும்போது, கழற்றுவதாக நினைத்து இறுக்கி உடைத்தவர்கள் ஏராளம். போல்ட் தலையை நேரே பார்த்தால் இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும்.

பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், ஆறு முனை போடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் அடித்து அரை மணி நேரம் விடுங்கள். நீளமான பார் வைத்து, குலுக்காமல் அழுத்தமாக இழுங்கள். சூடு காட்டுவதானால் ரப்பர் பூட், ஹோஸ், வீல் சென்சர் வயர் மூன்றும் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். குளோரின் கலந்த வகை சூடானால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், அது நுரையீரலைக் கெடுக்கும்.

சின்ன போல்ட்டோடு பின்னும் சேர்ந்து சுற்றினால், பின்னின் தட்டையான பகுதியில் மெல்லிய ஸ்பேனர் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போதும் அப்படியே. பிடிக்காமல் இறுக்கினால் பின் சுற்றும், கூடவே பூட்டும் முறுக்கிக்கொள்ளும். அது கிழிந்த பிறகு அடுத்த அறிகுறி வரும்.

போல்ட் மரையில் நீலமாகவோ பச்சையாகவோ காய்ந்த பிசின் ஒட்டியிருந்தால், தொழிற்சாலையிலேயே தடவி வந்தது. பல ஐரோப்பிய வண்டிகளில் அது ஒரு முறைக்குத்தான். கழற்றினால் புதிது போட வேண்டும்.

ஒரு பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது, சக்கரம் கொதிக்கிறது

தீவு விரைவுச்சாலையில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கியதும், சக்கரத்தைத் தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தால் காலிப்பர் நகரவில்லை.

உள்பக்க பேட் அதிகம் தேய்ந்து வெளிப்பக்கம் தடிமனாக இருந்தால், பிஸ்டன் தள்ளுகிறது, காலிப்பர் வழுக்கி வரவில்லை. ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. வெளிப்பக்கம் அதிகம் தேய்ந்தால், வந்த காலிப்பர் திரும்பிப் போகவில்லை. ஒரே பேட் மேலே தடிமன், கீழே மெலிசு என்று ஆப்பு மாதிரி தேய்ந்தால் இரண்டு பின்னில் ஒன்று சிக்கியிருக்கிறது.

பின்களைக் கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் பூட் ரப்பரை ஊதவைக்கும். பல வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் உறை இருக்கும், மற்றதில் இருக்காது. மேலே எது, கீழே எது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துவையுங்கள். மாற்றிப் போட்டால் புதுப் பின்னும் சிக்கும். மின்சார கார், ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் "என் பேட் தேயவே இல்லை" என்று சந்தோஷப்படுவார்கள். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் காலிப்பருக்கு வேலை குறைவு. அதிகம் நகராத ஸ்லைடு பின் இந்த ஈரத்தில் துருப்பிடித்து நிற்கும். ஆகவே தேய்மானத்தைப் பார்த்து அல்ல, காலத்தைப் பார்த்துக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பின்சக்கரத்தில் மின்சாரக் கைப்பிரேக் இருந்தால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகே பிஸ்டனைத் தள்ள வேண்டும்.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது

இதற்குக் காலிப்பர் போல்ட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் காரணம், சக்கரமும் டிஸ்க்கும் உட்காரும் ஹப் முகத்தில் துரு, அல்லது வீல் நட்டை ஒரு பக்கமாக இறுக்கியது. ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நட்டுகளை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். டொயோட்டாவில் பொதுவாக 103, ஹோண்டாவில் 108.

ஹோஸ் மூட்டில் பிரேக் ஆயில் கசிகிறது

ஹோஸைக் காலிப்பரோடு பிடிப்பது நடுவில் ஓட்டை போட்ட ஒரு போல்ட். அது நுழையும் ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் செப்பு வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது. கசிகிறதே என்று மேலும் மேலும் முடுக்கினால், நடுவில் ஓட்டையுள்ள அந்தப் போல்ட் முறியும். புது வாஷர் இரண்டு போட்டு, கையேட்டின் எண்ணுக்கு இறுக்குங்கள். காற்றெடுக்கும் பிளீடரும் ஓட்டைப் போல்ட்தான். பல வண்டிகளில் அதற்கு எட்டு, பத்து நியூட்டன் மீட்டரே போதும்.

வேலை முடிந்தது, பெடல் தரை வரை போகிறது

பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருந்தீர்கள், அது இன்னும் பேடைத் தொடவில்லை. எஞ்சினை இயக்குவதற்கு முன்பே பெடலை மெதுவாக, கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து எதிர்த் தூணில் மோதிய வண்டியை எங்கள் வரிசையிலேயே பார்த்திருக்கிறேன்.

பத்து முறை மிதித்தும் பஞ்சு மாதிரி இருந்தால் காற்று இருக்கிறது. காற்றெடுத்தும் போகவில்லை என்றால் பிளீடர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடது காலிப்பரை வலது பக்கம் மாட்டியிருக்கிறீர்கள். போல்ட் எல்லாம் அழகாகப் பொருந்தும், காற்று மட்டும் மேலேயே நிற்கும்.

பெடல் கெட்டியான பிறகு, நடக்கிற வேகத்தில் நாலைந்து முறை பிரேக். பிறகு சாலை. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். சொந்தக் கார் என்றால் மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பரிசோதனை வரும். உருளையில் வைத்துப் பிரேக்கின் பலத்தை அங்கே அளப்பார்கள். அதற்காக அதுவரை காத்திருக்க வேண்டாம். வண்டி எப்போது லிஃப்ட்டில் ஏறினாலும், எந்த வேலைக்கு ஏறினாலும், கோடுகளை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெரியவர் மலாக்கா பயணத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டார். திரும்பி வந்ததும் நேரே கடைக்குத்தான் வந்தார், கையில் ஒரு பொட்டலம் டோடோல் இனிப்பு. வண்டியை ஏற்றி, புதிதாகச் சேர்ந்த தம்பியைக் கூப்பிட்டு டார்ச்சைக் கொடுத்தேன். குனிந்து பார்த்தவன், "ரெண்டு கோடும் நேராத்தான் இருக்கு அண்ணே" என்றான். மறுபக்கச் சக்கரத்தையும் பார்க்கச் சொன்னேன்.